வீட்டுக்குப் பின்னால் கரடி வருகிறது: தங்க வருகிறவர்களிடம் எப்படிச் சொல்வது?

கோத்தகிரி ஹோம்ஸ்டே

வணக்கம். நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், இருக்கிறோம். வீட்டுக்கு முன்னால் ஒன்றரை ஏக்கர் தேயிலை, பின்னால் ஓடை, ஓடையைத் தாண்டினால் சோலைக்காடு. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையில் பையனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட முடியாது என்று ஆனபோது, நான்கு வருடத்துக்கு முன் மாடியில் மூன்று அறைகளைச் சரி செய்து ஹோம்ஸ்டே ஆரம்பித்தோம். சமையல், துணி, அறை சுத்தம் எல்லாம் நானும் என் நாத்தனாரும்தான்.

விஷயம் இதுதான். போன மாதம் சீசனில் ஒரு சனிக்கிழமை எட்டுப் பேர் இரண்டு காரில் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதையாகப் பேசினார்கள். வரும் வழியில் மேட்டுப்பாளையத்தில் பிரியாணி பார்சல் வாங்கி வந்திருந்தார்கள். ராத்திரி சாப்பிட்டு முடித்து, மிச்சத்தைப் பையோடு முடிச்சுப் போட்டுப் பின்வாசல் படியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்கள். காலையில் நான் எடுத்துப் போட வசதியாக இருக்கும் என்றுதான் அங்கே வைத்தார்கள். மூன்று மணிக்கு நாய் விடாமல் குரைத்தது. ஜன்னலைத் திறந்து டார்ச் அடித்தால், படியில் உட்கார்ந்துகொண்டு கரடி பையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

அவர்கள் ஞாயிறு மதியம் கிளம்பிவிட்டார்கள். கரடி கிளம்பவில்லை. அடுத்த ராத்திரியும் அதே படிக்கு வந்தது, அதற்கடுத்த ராத்திரியும் வந்தது. படியில் ஒன்றும் இல்லையென்றதும் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டைத் தள்ளியது. பக்கத்து வீட்டு அக்கா காலையில் பனி விலகும் முன்பே இலை பறிக்கப் போகிறவர். தேயிலைச் செடிக்குள் குனிந்து நிற்கும்போது இரண்டு அடி தூரத்தில் கரடி படுத்திருந்தாலும் தெரியாது. திடீரென்று ஆள் முன்னால் போய் நின்றால் அது பயத்தில் முகத்தைத்தான் கிழிக்கும். அந்த அக்கா என்னிடம் சண்டை போடவில்லை. "உங்க வீட்டுக்குக் காசு வருது, எங்க வீட்டுக்குக் கரடி வருது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாசலில் போர்டு வைத்திருக்கிறேன். குப்பையை வெளியே வைக்காதீர்கள், பிளாஸ்டிக் கொண்டு வராதீர்கள், பத்து மணிக்கு மேல் சத்தம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. யாரும் நின்று படிப்பதில்லை. நேரில் சொன்னால் முகம் சுருங்குகிறது. "ஹாஸ்டல் மாதிரி ஏகப்பட்ட ரூல்ஸ்" என்று ஒருவர் இணையத்தில் இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் புக்கிங் குறைந்தது.

வருகிறவர்கள் மனம் கோணாமல், ஆனால் உண்மையிலேயே கேட்கும்படி, எப்படிச் சொல்வது? மலையில் தங்கும் இடம் நடத்துகிறவர்கள், வந்து தங்குகிறவர்கள், இரண்டு பேரும் சொல்லுங்கள். வருமானமும் வேண்டும், அந்த அக்கா நிம்மதியாக இலை பறிக்கவும் வேண்டும்.

மேட்டுப்பாளையம் டாக்சி

அக்கா, வணக்கம். இருபத்திரண்டு வருடமாக இந்த இரண்டு மலைப்பாதையிலும் வண்டி ஓட்டுகிறேன். குன்னூர் வழி, கோத்தகிரி வழி இரண்டும் மனப்பாடம்.

உங்கள் போர்டில் தப்பில்லை. அது இருக்கும் இடம்தான் தப்பு. உங்கள் வாசலுக்கு வந்து சேரும்போது அவர்கள் ஏற்கெனவே எல்லாம் வாங்கி முடித்திருப்பார்கள். தண்ணீர் பாட்டில், சிப்ஸ், பிரியாணி, பேப்பர் கப் எல்லாம் டிக்கியில் இருக்கும். குளிர் காற்று முகத்தில் பட்ட பிறகு யார் காதிலும் ஒன்றும் ஏறாது. சொல்வதாக இருந்தால் மலை ஏறும் முன்பே சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே சொன்னால் இன்னும் நல்லது.

நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். முதல் நாள் சாயங்காலம் போன் செய்து, "சார், வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில் எடுத்து வாருங்கள், வண்டியில் இருபது லிட்டர் கேன் வைத்திருக்கிறேன், நிரப்பிக்கொள்ளலாம். கடையில் வாங்கும் பாட்டிலைச் செக்போஸ்ட்டில் எடுத்துக்கொள்வார்கள், அபராதமும் உண்டு" என்பேன். இதுவரை யாரும் கோபப்பட்டதில்லை. அதையே கல்லாறு தாண்டிய பிறகு, பாட்டில் கையில் இருக்கும்போது சொன்னால், "ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று சண்டைக்கு வருவார்கள். வார்த்தை ஒன்றுதான், சொல்கிற நேரம்தான் வேறு.

தண்ணீர் பாட்டில் தடை இங்கே 2019-லேயே வந்துவிட்டது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அதற்கு எவ்வளவோ முன்னால், 2000-களின் தொடக்கத்தில் சுப்ரியா சாகு அம்மா கலெக்டராக இருந்தபோதே நீலகிரியில் பிளாஸ்டிக்கை நிறுத்தும் வேலை தொடங்கியது. நான் அப்போதுதான் லைசென்ஸ் எடுத்த பையன். கடைக்காரர்கள் எல்லாம் பேப்பரில் பொட்டலம் கட்டிக் கொடுத்தது நினைவிருக்கிறது. மலைக்காரர்களுக்கு அது பழகிவிட்டது. கீழேயிருந்து வருகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் புதுசு.

அப்புறம் குரங்கு. பர்லியார் பக்கம் வண்டியை நிறுத்தி வாழைப்பழம் போடச் சொல்லிக் குழந்தைகள் அழும். நான் நிறுத்த மாட்டேன். ஒரு தடவை முன்னால் போன கார்க்காரர் ஜன்னல் வழியாகப் பழத்தை வீசினார். அதை எடுக்க ரோட்டுக்கு ஓடி வந்த குட்டியின் மேல் எதிரே வந்த வண்டி ஏறிவிட்டது. தாய்க் குரங்கு அதைத் தூக்கிக்கொண்டு சுவர் மேல் உட்கார்ந்திருந்தது. இதை நான் ஒவ்வொரு வண்டியிலும் சொல்கிறேன். சொன்ன பிறகு எந்தக் குழந்தையும் பழம் கேட்டதில்லை.

இப்போது பலாப்பழ சீசன், குஞ்சப்பனை பக்கம் யானை இறங்கும் நேரம். உங்களிடம் வருகிறவர்களுக்கு இதையும் சொல்லிவிடுங்கள். ரோட்டில் யானை நின்றால் ஹார்ன் வேண்டாம், ஹைபீம் வேண்டாம், இறங்கி போட்டோ வேண்டவே வேண்டாம். தள்ளி நிறுத்திக் காத்திருந்தால் அதுவாகப் போய்விடும். கால் மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

திருப்பூர் வாசி

நான் அந்த எட்டுப் பேரில் ஒருவன் இல்லை. ஆனால் அந்த எட்டுப் பேரைப் போல இருந்தவன். அதனால் எழுதுகிறேன்.

வாரம் ஆறு நாள் பனியன் கம்பெனி இரைச்சல். மலைக்கு வந்தால் கத்த வேண்டும், பாட்டுப் போட வேண்டும், நினைத்ததைச் சாப்பிட வேண்டும் என்றுதான் தோன்றும். "செய்யாதீர்கள்" என்று எழுதிய போர்டு எங்கள் ஊரில் எல்லாச் சுவரிலும் இருக்கிறது. கண் அதைப் பார்க்காமலே தாண்டிவிடும்.

மூன்று வருடத்துக்கு முன் குன்னூர்ப் பக்கம் ஒரு வீட்டில் தங்கினோம். அந்த வீட்டுப் பெரியவர் எந்த விதியும் சொல்லவில்லை. டீ கொடுத்தார். என் மகளைக் கையைப் பிடித்துத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய், ஈர மண்ணில் காட்டெருமையின் குளம்புத் தடத்தைக் காட்டினார். "நேத்து ராத்திரி நீ தூங்கும்போது இது இந்த வழியாத்தான் தண்ணி குடிக்கப் போச்சு. நாம சத்தம் போட்டிருந்தா சுத்திக்கிட்டு ரோட்டு வழியாப் போயிருக்கும்" என்றார். அன்று ராத்திரி எட்டு மணிக்கே என் மகள் எங்கள் எல்லோரையும் மெதுவாகப் பேச வைத்தாள். என் மச்சானின் ஸ்பீக்கரை அவளே அணைத்தாள்.

அம்மா, நீங்கள் மேலே எழுதியிருக்கிறீர்களே, படியில் உட்கார்ந்த கரடி, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன வார்த்தை. இதைப் படித்த பிறகு நான் வாழ்நாளில் மலையில் ஒரு வீட்டு வாசலில் சாப்பாட்டை வைக்க மாட்டேன். போர்டைக் கழற்றிவிட்டு இதைச் சொல்லுங்கள். இதுவே போதும்.

குன்னூர் விடுதி

பதினான்கு வருடமாக ஐந்து அறை விடுதி நடத்துகிறேன். டிரைவர் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் சொல்வது பாதி வேலைதான் சகோதரி. சொன்னதைச் செய்வதற்கு வழியும் நாம்தான் ஏற்படுத்தித் தர வேண்டும். குப்பையை வெளியே வைக்காதே என்றால், உள்ளே எங்கே வைப்பது? பார்சல் வாங்காதே என்றால், ராத்திரி என்ன சாப்பிடுவது? இந்த இரண்டுக்கும் பதில் வைத்திருந்தால் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

முதலில் சாப்பாடு. நான் அறை வாடகையோடு ராத்திரிச் சாப்பாட்டையும் சேர்த்துவிட்டேன். தனியாக வைத்தால், "வேண்டாம், வரும் வழியில் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். சேர்த்துவிட்டால் யாரும் பார்சல் வாங்கி வருவதில்லை, காசு கொடுத்த சாப்பாட்டை விட மனம் வராது. எத்தனை பேருக்கு என்று முன்பே தெரிவதால் அளவாகச் சமைக்கிறோம், மிச்சமே குறைந்துவிட்டது. உங்கள் ஊர்ச் சாப்பாட்டையே போடுங்கள். அவரைக் குழம்பும் களியும் சாப்பிட வேண்டும் என்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது மிச்சம். கரடிக்கு மோப்பம் மிகவும் கூர்மை. கரையான் புற்றை மண்ணுக்கு மேலிருந்தே மோந்து தோண்டுகிற மிருகம் அது. எண்ணெய், மசாலா வாசனை அதற்கு ஒரு அழைப்பு. கோயிலுக்குள் புகுந்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் எல்லாம் அதன் நகத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நான் செய்வது இது. சாப்பாட்டு மிச்சத்தை ராத்திரி சமையலறைக்குள்ளேயே, கிளிப் போட்ட எவர்சில்வர் டப்பாவில் வைத்துக் கதவைப் பூட்டிவிடுவேன். காலையில் வெளிச்சம் வந்த பிறகுதான் வெளியே போகும். காய்கறித் தோல், டீத்தூள் இவற்றை மட்டும் உரக்குழியில் போடுகிறேன். நம் குளிருக்கு மக்குவதற்கு நாளாகும், சமவெளியில் ஆவதைப் போல இரண்டு மடங்கு காலமாவது பொறுக்க வேண்டும். கறி, மீன், எண்ணெய்ச் சோறு எதுவும் குழிக்குப் போகாது. அது தூய்மைக் காவலர் வண்டிக்குத்தான். அவர்கள் வரும் நேரத்துக்கு நாம் எழுந்து நிற்க வேண்டும். முந்தின நாளே கேட் ஓரம் வைத்துவிட்டால் எல்லாம் வீண்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மூன்று அறைக்கு எட்டுப் பேர், இரண்டு கார் என்று ஏன் சம்மதித்தீர்கள்? நான் இரண்டு ராத்திரிக்குக் குறைவாகத் தங்குகிறவர்களுக்கு இப்போது சனிக்கிழமையில் அறை கொடுப்பதில்லை. ஒரே ராத்திரிக்கு வருகிறவர்கள் அந்த ராத்திரியிலேயே எல்லாச் சந்தோஷத்தையும் முடித்துவிடப் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் காலையில்தான் மனிதருக்குச் சோலையில் காற்று போகிற சத்தம் கேட்கத் தொடங்குகிறது. துணி துவைப்பது பாதியாகக் குறைந்தது, தண்ணீர் மிச்சம். வருமானம் முதல் மூன்று மாதம் இறங்கியது, பிறகு சமமாகிவிட்டது.

வண்டி எண்ணிக்கை பற்றியும் யோசியுங்கள். வெளியூரிலிருந்து வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் இருக்கிறது. 2025-ல், ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பே போட்டது. எங்கள் ஆட்கள் பலர் அதை எதிர்த்தார்கள். நான் எதிர்க்கவில்லை. ஊட்டி சேரிங் கிராஸில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த ஆளுக்கு என் விடுதியின் எந்த அறையும் பிடிக்காது. அரசுப் பேருந்தில் வந்தால் பாஸே வேண்டாம். அதனால், "மேட்டுப்பாளையம் வரை ரயில், அங்கிருந்து பஸ் அல்லது மலை ரயில், நிறுத்தத்துக்கு நான் ஆள் அனுப்புகிறேன்" என்று புக்கிங்கின்போதே சொல்கிறேன். பத்தில் இரண்டு மூன்று பேர் அப்படி வருகிறார்கள். 1908-ல் ஊட்டி வரை வந்து சேர்ந்த ரயில் அது. பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கல்லாறிலிருந்து மேலே ஏறுவதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முகமே வேறாக இருக்கும்.

நட்சத்திரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். எனக்கு விழுந்த அப்படிப்பட்ட விமர்சனத்தைப் படித்துவிட்டே, "அமைதியான இடம் என்று தெரிந்தது" என்று சொல்லி என்னிடம் வந்தவர்கள் உண்டு.

கோத்தகிரி ஹோம்ஸ்டே

எல்லோருக்கும் நன்றி. டிரைவர் அண்ணா சொன்ன அந்தக் குட்டி கண்ணை விட்டுப் போகவில்லை. குன்னூர் அண்ணா, எட்டுப் பேருக்குச் சம்மதித்தது என் தப்புதான். சீசன் முடியப் போகிறதே என்ற பயம்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். புக்கிங் செய்கிறவர்கள் முதலில் கேட்பது, "கேம்ப் ஃபயர் உண்டா?" என்பதுதான். இரண்டாவது, "டிரைபல் டான்ஸ் ஏற்பாடு செய்வீர்களா?" இல்லையென்று சொன்னால் அடுத்த இடத்துக்குப் போகிறார்கள். பக்கத்து ரிசார்ட்டில் இரண்டும் உண்டு. எனக்கு இரண்டுமே மனதுக்கு ஒப்பவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக என்னிடம் என்ன இருக்கிறது?

பறவை வழிகாட்டி

அக்கா, நான் கோத்தகிரிச் சரிவில் இருக்கும் ஓர் இருளர் கிராமத்துப் பையன். பறவை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப் போகிறேன். நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் ஆட்டம் சாவுக்கும் கல்யாணத்துக்கும் சாமிக்கும் ஆடுவது. என் மாமாவை ஒரு விடுதிக்கு ராத்திரி கூப்பிட்டார்கள். போய் ஆடினார். குடித்துவிட்டிருந்த ஒருவர் பீனாச்சியைப் பிடுங்கி ஊதப் பார்த்தார், எல்லோரும் சிரித்தார்கள். மாமா வீட்டுக்கு வந்து அதைக் கழுவி வைத்தார், அதற்குப் பிறகு ஒரு வருடம் எடுக்கவில்லை. நீங்கள் ஏற்பாடு செய்யாமல் இருப்பதற்கு நன்றி அக்கா. வருகிறவர்களுக்கு எங்களைத் தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் பகலில் வரட்டும், ஊர்ப் பெரியவரிடம் கேட்டுவிட்டு வரட்டும். தேன் எடுக்கும் கயிற்றுக் கொடி எப்படிக் கட்டுவது, எந்தக் கிழங்கைத் தோண்டினால் மறுபடி முளைக்க எதை விட்டு வைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுப்பதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். தோடர், கோத்தர் ஊர்களுக்குப் போனாலும் இதே முறைதான். கோயில் பக்கம் போகும் முன், போட்டோ எடுக்கும் முன், கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் கேமராவை உள்ளே வைத்துவிட வேண்டும்.

நெருப்பு பற்றி. மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும்போது ஒரு பொறி பறந்தால் போதும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் ஓடும், மனிதன் ஓடுவதை விட வேகமாக ஓடும். தீத்தடுப்பு வேலைக்குப் போய் என் அப்பாவின் இரண்டு கையிலும் தழும்பு. இதற்கு மேல் சொல்ல எனக்கு மனமில்லை.

மசினகுடியில் 2021 ஜனவரியில் நடந்ததை எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வந்த யானை மேல் எரிகிற துணியை வீசினார்கள், அது காதில் தீயோடு ஓடியது, செத்துப் போனது. சீகூர்ப் பக்கம் யானை வழித்தடத்தை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த சில மாதங்களிலேயே இது நடந்தது. காட்டைப் பார்க்க வந்தவர்களுக்காகக் கட்டிய இடம், காட்டில் இருந்ததை எரித்துவிட்டது.

உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். உங்கள் பின்வாசலில் சோலை இருக்கிறது அக்கா! காலை ஆறரை மணிக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடைப் பக்கம் அரை மணி நேரம் சும்மா உட்காரச் சொல்லுங்கள். நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை கூட்டமாகச் சிரிக்கும். இந்த மலையையும் இதை ஒட்டிய இடங்களையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாது. கறுப்பும் ஆரஞ்சுமாக ஓர் ஈப்பிடிப்பான் தரைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும், சிட்டுக்குருவியை விடச் சின்னது. ஒரே ஒரு விஷயம், போனில் பறவைச் சத்தத்தைப் போட்டுக் கூப்பிட விடாதீர்கள். தன் எல்லைக்குள் வேறொன்று வந்துவிட்டது என்று நினைத்து, கூட்டையும் குஞ்சையும் விட்டுவிட்டு அது சண்டைக்கு வரும். சும்மா உட்கார்ந்தாலே வரும், நான் தினமும் பார்க்கிறேன்.

லாங்வுட் சோலையும் உங்களுக்குப் பக்கம்தான். 116 ஹெக்டேர், 2024-ல் ராம்சர் இடமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்தார்கள். டவுனை ஒட்டி இப்படி ஒரு காடு மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். கீழே இருக்கும் ஊர்களுக்குத் தண்ணீர் அங்கிருந்து வருகிறது. உங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து காட்டி, "இது சோலை வேரில் தங்கி வந்த தண்ணீர்" என்று சொன்னால் குளிக்கும்போது வாளியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

மேட்டுப்பாளையம் டாக்சி

தம்பி எழுதியதைப் படித்துவிட்டு வண்டியை ஓரம் கட்டி உட்கார்ந்திருக்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். காலிப் பாட்டில் விஷயம். 2022 மே மாதத்தில் நீலகிரியில்தான் அந்தத் திட்டம் முதலில் வந்தது. டாஸ்மாக்கில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருவார்கள். அதற்கு முன் ஒவ்வொரு வளைவிலும் உடைந்த கண்ணாடி கிடக்கும், யானைக் காலில் ஏறும். இப்போது கிடக்கும் பாட்டிலையும் பொறுக்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறார்கள். புத்தி சொல்லி ஆகாதது பத்து ரூபாயில் ஆனது. அதனால் அக்கா, உங்களிடம் வருகிறவர்களிடமும் ஒரு சின்னத் தொகையை முன்பணமாக வாங்கி, கொண்டு வந்த பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துப் போனால் கொடுத்துவிடுங்களேன்.

குன்னூர் விடுதி

முன்பணம் வேண்டாம் சகோதரி. மதுக்கடையில் அது சரி, வீட்டில் அது சந்தேகப்படுவது போல ஆகிவிடும். நான் ஒரு துணிப்பையை அறையில் மாட்டி வைத்திருக்கிறேன். கிளம்பும்போது அவர்கள் கொண்டு வந்த கவர், டப்பா எல்லாவற்றையும் அதில் போட்டு, "இதைக் கீழே உங்கள் ஊரில் போட்டுவிடுங்கள், இங்கே இதைக் கொண்டு போய்ச் சேர்க்க இடமில்லை" என்று கையில் கொடுக்கிறேன். பை அவர்களுக்கே. மறுமுறை வரும்போது அதே பையில் காய்கறி கொண்டு வந்தவர்களும் உண்டு.

கோத்தகிரி ஹோம்ஸ்டே

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். செய்து பார்க்காமல் எழுத மனம் வரவில்லை.

போர்டைக் கழற்றிவிட்டேன். இப்போது புக்கிங் உறுதியானதும் வாட்ஸ்அப்பில் இதை அனுப்புகிறேன்:

"வணக்கம். உங்களுக்காக அறை தயாராக இருக்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சோலை, அங்கே ஒரு கரடி இருக்கிறது. மே மாதம் யாரோ வாசலில் வைத்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுப் பல நாள் திரும்பத் திரும்ப வந்தது. பக்கத்து வீட்டு அக்கா விடியும் முன் இலை பறிக்கப் போகிறவர், அவருக்கு ஆபத்து. அதனால் சாப்பாட்டுப் பார்சல் வாங்கி வராதீர்கள், ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில், வாடகையிலேயே சேர்ந்தது. ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள். நெருப்பு மூட்டுவதில்லை, அடுப்படியில் உட்கார்ந்து குளிர் காயலாம். காலையில் பறவைச் சத்தம் கேட்க ஓடைப் பக்கம் உட்கார இடம் போட்டிருக்கிறோம்."

இதை அனுப்பியதில் இரண்டு குடும்பம் புக்கிங்கை ரத்து செய்தது. ஏழு குடும்பம் வந்தது. அந்த ஏழில் ஐந்து குடும்பத்தில் பிள்ளைகள் காரிலிருந்து இறங்கியதும் கேட்டது, "கரடி எங்கே?" என்பதுதான். ஒரு பாட்டி எட்டு எவர்சில்வர் டம்ளரைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். அடுப்படியில் உட்காருவது எனக்குக் கூச்சமாக இருந்தது, கரி பிடித்த சுவர். ஆனால் அங்கேதான் எல்லோரும் நேரம் போவது தெரியாமல் இருக்கிறார்கள். என் மாமியார் எங்கள் படுகர் குலதெய்வமான ஹெத்தை அம்மன் கதை சொல்கிறார், மொபைலைத் தொடுவதில்லை.

பறவைத் தம்பி போன ஞாயிறு வந்தார். ஆறு பேரைக் கூட்டிப் போனார், அவருக்கான பணத்தை வந்தவர்கள் நேரடியாக அவர் கையிலேயே கொடுத்தார்கள். எங்கள் ஓடையில் இத்தனை பறவை இருப்பது இங்கேயே வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கே தெரியாது.

கரடி முதல் வாரம் நான்கு ராத்திரி வந்து படியை மோந்து பார்த்துவிட்டுப் போனது. பிறகு ஒரு ராத்திரி விட்டு வந்தது. இன்றோடு பதினொரு நாளாக வரவில்லை. ஆனால் மேல் ரோட்டில் ஒரு தங்குமிடத்துக் குப்பைமேட்டில் அதைப் பார்த்ததாகப் பால்காரர் சொன்னார். என் வீட்டுப் படியைச் சுத்தமாக வைத்தால் அது அடுத்த படிக்குப் போகிறது. ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் இதைப் பேசலாம் என்று கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரிலும் மேல் ரோட்டிலும் சேர்த்து ஒன்பது இடத்தில் ஆட்கள் தங்குகிறார்கள். குன்னூர் அண்ணா, அந்தக் கிளிப் போட்ட டப்பாவை எங்கே வாங்கினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள், ஒன்பதும் சேர்த்தே வாங்கிவிடலாம். பக்கத்து வீட்டு அக்காவும் கூட்டத்துக்கு வருகிறேன் என்றார். அவரே பேசுகிறாராம்.